வெள்ளைப் பூவைத் தொடாத வைரஸ்

லியாவ் அக்கா காரிலேயே தூங்கிவிட்டார். நெடுஞ்சாலையிலிருந்து ஹோவ்பிக்குத் திரும்பும் வளைவில் அவர் தலை ஜன்னல் கண்ணாடியில் நன்றாகவே இடித்தது. எழுந்திருக்கவில்லை. ஆர்கிட் பண்ணை வாசலில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, வாயிலிருந்த பாக்கை நான் மென்று முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. எழுப்ப எனக்கும் மனசு வரவில்லை. இந்த மாதம் முழுக்க எங்கள் பிழைப்பு இப்படித்தான். முதலில் வாத்துப் பண்ணை, அப்புறம் பன்றிப் பண்ணை, இப்போது பூப்பண்ணை. நோய் போகிற இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போகிறோம். நோய்க்குச் சாப்பாட்டு நேரம் கிடையாது, அதனால் எங்களுக்கும் கிடையாது.

"வந்தாச்சா?" என்றார் கண்ணைத் திறக்காமல்.

"வந்து, பாக்கு மென்னு, துப்பக்கூடச் செஞ்சாச்சு."

"பண்ணைக்குள்ள துப்பித் தொலைக்காத. அதையும் சேத்து நான் சோதிக்கணும்."

அக்கா முன்பு துறைமுகத்தில் வெளிநாட்டுச் செடிகளைச் சோதிக்கும் அதிகாரியாக இருந்தவர். இப்போது பண்ணைக்காரர்களுக்காகத் துப்பறிகிறார். திருட்டுப் போன ரகம், போலி விதை, எங்கிருந்து வந்தது என்று தெரியாத நோய், இவைதான் எங்கள் வழக்குகள். அவருக்கு முழங்கால் வலி உண்டு, நல்ல பெயர் உண்டு, தூக்கம் மட்டும் இல்லை. நான் ஆ-தோ. அவரிடம் சேருவதற்கு முன் டாக்சி ஓட்டினேன். இப்போதும் அதையேதான் செய்கிறேன், மீட்டர் இல்லாமல்.

இந்தப் பண்ணைக்கு இன்று இது இரண்டாவது நடை. காலையில் வந்தபோது அக்காவை முன்வீட்டில் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். என்னை மட்டும் கண்ணாடி வீட்டுக்குள் அனுப்பி இலை பறித்து வரச் சொன்னார்கள். நியாயம்தான், முழங்கால் வலி எனக்கில்லையே.

வாசலில் சக்கரம் வைத்த நீலப் பெட்டி ஒன்று நின்றது. அதன் பக்கத்தில் நியுங் நின்றாள். வியட்நாமிலிருந்து வந்தவள், எட்டு வருடமாக இங்கே வேலை பார்க்கிறாள். யாரோ ஒருத்தர் வீட்டு விசேஷத்துக்கு வந்து, உள்ளே கூப்பிடாமல் விட்டுவிட்ட மாதிரி நின்றாள்.

பண்ணை முதலாளி பான் எங்களைப் பார்த்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு மணிக்கு இவளை ஊருக்குத் திருப்பி அனுப்ப ஏஜென்சி வேன் வருது மேடம். அதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா எனக்கு நிம்மதி."

"என்ன வார்த்தை?"

"இவதான்னு."

"இவ இல்லேன்னா?"

"அப்ப யாருன்னு பேரைச் சொல்லுங்க. பேர் இல்லாம இவளை உள்ள விடமாட்டேன். தாய்ச்செடி வீடு போச்சு மேடம். எங்கப்பா காலத்துலேர்ந்து சேத்தது."

அவர் வயிறெரிந்து பேசுகிறார் என்பது எனக்கும் புரிந்தது. தாய்ச்செடியிலிருந்து துளித் துளியாக எடுத்துத்தான் புட்டிக்குள் ஆயிரக்கணக்கில் கன்று வளர்ப்பார்கள். தாய்க்கு நோய் என்றால் புட்டிக்குள் இருக்கும் பிள்ளைகள் அத்தனைக்கும் நோய். ஆனால் நியுங்குக்கும் வயிறு இருக்கிறது. பண்ணையைக் கெடுத்தவள் என்று முத்திரை குத்தி அனுப்பினால் அவள் மறுபடி இந்தத் தீவில் வேலைக்கு வர முடியாது. ஊரில் மகள் இப்போதுதான் நர்ஸ் படிப்பில் சேர்ந்திருக்கிறாள்.

"எதை வச்சு இவதான்னு சொல்றீங்க?" என்று கேட்டேன்.

பான் விரல் மடக்கவில்லை, அவ்வளவுதான். பாடமாகவே வைத்திருந்தார். "இவ வெள்ளைப் பூ பகுதியைப் பாக்கறவ. தாய்ச்செடி வீட்ல மத்த நிறமெல்லாம் புள்ளி விழுந்து கெடக்கு, வெள்ளையில ஒண்ணுகூட இல்ல. அது இவ பகுதின்னு நோய்க்கு எப்படித் தெரியும்? அதுமட்டுமில்ல. போன வாரம் நோய் வந்த மேடைக்கிட்ட இவ நின்னுட்டிருந்தா. கையில பளபளன்னு கத்திரின்னு மேஸ்திரி கண்ணால பாத்திருக்கான். ஏன் அங்க போனேன்னு கேட்டா வாயே திறக்கல."

"பளபளன்னா?" என்றார் அக்கா.

"ஆமா. கண்ணு கூசுதுன்னான்."

அக்கா தலையாட்டினார். அவர் முகத்தில் இருந்த களைப்பு இன்னும் ஒரு சுற்று கூடியது. "வா ஆ-தோ. பூ பாக்கலாம்."

கண்ணாடி வீட்டுக்குள் புழுக்கம் ஆளை அமுக்கியது. மேடை மேடையாகத் தாய்ச்செடிகள். காலையில் நான் பறித்த இலைகளில் நோய் உறுதியான தொட்டிகளில் சிவப்புக் குச்சி சொருகியிருந்தோம். சோதனை ஒன்றும் பெரிய வித்தையில்லை. கொரோனா காலத்தில் எல்லோரும் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தோமே, அதே சாதிப் பட்டைதான். இலையை நசுக்கிய சாற்றில் பட்டையை நிறுத்தினால், நோய் இல்லையென்றால் ஒரு கோடு, இருந்தால் இரண்டு. அக்கா வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இதுவும் இல்லையாம். சந்தேகப்பட்ட சாற்றை ஊமத்தை இலையில் தேய்த்துவிட்டு, அதில் புள்ளி விழுகிறதா என்று வாரக்கணக்கில் காத்திருப்பார்களாம். பட்டை வந்ததும் ஊமத்தைக்கு ஓய்வு கிடைத்தது. அக்காவுக்குத்தான் கிடைக்கவில்லை.

"வாத்துப் பண்ணை ஞாபகம் இருக்கா?" என்றார்.

"அந்த நாத்தத்தை மறக்க இன்னொரு ஜென்மம் வேணும்."

"அங்க வைரஸ் எப்படி உள்ள போச்சு?"

"நீங்கதானே சொன்னீங்க. வலசை வந்த பறவை குளத்துல எச்சம் போட்டுச்சு, நம்ம வாத்து அதைக் குடிச்சுச்சு."

"அவ்வளவுதான். பிராணிக்கு மூக்கு இருக்கு, தொண்டை இருக்கு. அங்க இருக்கற செல்லுல போய் ஒட்டிக்கிட்டா, செல்லே அதை உள்ள இழுத்துக்கும். மனுஷனுக்கும் அதே கதை. செடி அப்படியில்ல. செடியோட ஒவ்வொரு செல்லையும் சுத்திச் சுவர் இருக்கு. வைரஸ் இலை மேல வருஷக்கணக்கா குந்தியிருந்தாலும் தானா உள்ள நுழைய முடியாது."

"அப்ப எப்படித்தான் நுழையுது?"

"யாராவது சுவரை உடைச்சுக் கொடுக்கணும். நிறைய வைரசுக்குப் பூச்சி அந்த வேலையைப் பண்ணும். கடிக்கும்போதே உள்ள ஏத்திடும். ஆனா இந்த ஆர்கிட் வைரசைப் பூச்சி சுமக்காது. அப்ப மிச்சம்?"

"கத்தி."

"காயம். நோய்ச்செடியை வெட்டின கத்தியில சாறு ஒட்டியிருக்கும். அதே கத்தியால அடுத்ததை வெட்டினா வேலை முடிஞ்சுது. ஒரு தடவை உள்ள போயிட்டா, செல்லுக்குச் செல் சின்னத் துவாரம் இருக்கு, அது வழியா வீடு முழுக்கச் சுத்தி வந்துடும். பாவம், செடியே அதுக்குப் படியெடுத்தும் கொடுக்கும்."

"அப்ப நாம தேடறது கொலைகாரனை இல்ல. கத்தியை."

"ரெண்டும் ஒரே கையிலதான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு ஒரு வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். "நீ பாரு. நான் கொஞ்சம் காலை நீட்டறேன். சிவப்புக் குச்சி இருக்கற தொட்டிக்கெல்லாம் பொதுவா என்ன இருக்குன்னு சொல்லு."

பார்த்தேன். சிவப்புக் குச்சிகள் வரிசையாக இல்லை. ஒரு மேடையில் நடுவில் ஒன்று, அடுத்த மேடையில் ஓரத்தில் ஒன்று என்று தாவித் தாவி இருந்தன. செஞ்சிவப்பு, மஞ்சள், ஊதா. வெள்ளை இல்லவே இல்லை. எல்லாச் செடியும் வாட்டசாட்டம். அந்தந்த மேடையில் எது முதலில் கண்ணில் படுமோ அதில்தான் குச்சி.

"கொலைகாரனுக்கு நல்ல ரசனை இருக்கு அக்கா. கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கற மாதிரி பொறுக்கியிருக்கான்."

"வெள்ளை?"

"வெள்ளைன்னா ஆகாது போல."

"வைரசுக்கு நிறம் தெரியாது. வெள்ளை ஆகாதுன்னு நினைக்கறது மனுஷன்தான். இன்னும் பாரு."

எல்லாவற்றிலும் பூத்தண்டு வெட்டப்பட்டிருந்தது. அதில் அதிசயமில்லை. தாய்ச்செடி பூத்ததும் நிறம் சரிதானா என்று பார்த்துவிட்டுத் தண்டை வெட்டிவிடுவார்கள். ஆனால் மற்ற செடிகளில் கொஞ்சம் மேலே, கணு விட்டு, நேராக வெட்டியிருந்தது. சிவப்புக் குச்சித் தொட்டிகளில் தண்டை அடியோடு, சாய்வாக வெட்டியிருந்தது.

"நம்மாளுக்குக் காம்பு நீளமா வேணும்," என்றேன். "அப்ப பூதான் குறி. செடியைக் கெடுக்க வரல. பூத்திருடன்."

நான் குனிந்து தரையைப் பார்த்தேன். மேடைகளுக்கு நடுவே ஈரத்தில் பாசி படிந்திருந்தது. அதில் சின்னச் சின்ன வட்டங்கள், நான்கு நான்காக. ஒரு பூனை சதுரமாக நடந்தால் இப்படித்தான் இருக்கும்.

"அக்கா, திருடனுக்கு நாலு காலு."

"ம்," என்றார். வழக்கமாக இப்படி ஒரு தடயத்தைக் கண்டுபிடித்தால் தேநீரில் வேகவைத்த முட்டை ஒன்றாவது வாங்கித் தருவார்.

வெளியே வந்து நியுங்கின் கத்திரியைக் கேட்டோம். பெட்டியின் பக்கவாட்டுப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பார்க்கச் சகிக்கவில்லை. வாய் முழுக்க நீலமும் கருப்புமாகக் கரி பிடித்து, பிளாஸ்டிக் பிடி ஒரு பக்கம் உருகிப்போயிருந்தது.

"இதென்ன, தீ விபத்துல பிழைச்ச கத்திரியா?" என்றேன்.

"ஒவ்வொரு செடிக்கும் நடுவுல நெருப்புல காட்டணும்," என்றாள் நியுங். "வந்த முதல் நாளே சொல்லிக் கொடுத்தாங்க. எட்டு வருஷமா காட்டறேன்."

பண்ணையில் எல்லோருடைய கத்திரியும் அப்படித்தான் இருந்தது. மேஸ்திரியின் கத்திரி இன்னும் மோசம். ஒவ்வொரு மேடையிலும் சின்ன கேஸ் பர்னர் வைத்திருந்தார்கள்.

"நீ அன்னிக்கு வச்சிருந்தது இது இல்லியே," என்றார் அக்கா மெதுவாக. "பளபளன்னு ஒண்ணு."

நியுங் பெட்டியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொன்னா நீ இங்கயே இருக்கலாம். சொல்லலேன்னா இன்னும் கொஞ்ச நேரத்துல வேன்ல ஏறணும். தெரியுமில்ல?"

"தெரியும்."

"உன் பொண்ணு படிப்பு?"

கண் நிறைந்தது. "ஒருத்தங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்," என்றாள். "தப்பு ஒண்ணும் இல்ல. சும்மா சின்ன விஷயம். ஆனா வாக்கு வாக்குதானே."

எனக்கு எரிச்சல் வந்தது. சின்ன விஷயத்துக்காக வேனில் ஏறுகிற ஜனங்களை வைத்துக்கொண்டு என்ன துப்பறிவது. "சரி, பூ எங்க போச்சுன்னு பாப்போம்," என்றேன். "வெட்டின பூவை யாரும் சாப்பிட்டிருக்க மாட்டாங்க."

பண்ணைக்குப் பின்னால் குப்பைக்குழி இருந்தது. வெட்டிய தண்டுகள், அழுகிய இலைகள், பழைய பாசி எல்லாம் அங்கேதான் போகும். அக்கா நிழலில் நின்றுகொண்டு கையைக் காட்டினார். நான் இறங்கிக் கிளறினேன். வாத்துப் பண்ணையே தேவலை என்று தோன்றியது. வெள்ளைப் பூத்தண்டு எத்தனையோ கிடைத்தது. நிறம் மங்கிய, நோஞ்சான் பூக்களும் கிடைத்தன. நல்ல செஞ்சிவப்பில், நீளக் காம்போடு ஒன்றுகூட இல்லை.

"வெளிய வித்திருக்கான்," என்றேன் முழங்கை வரை சேற்றோடு. "பூக்கடைக்கு. கடைக்காரங்களைப் பிடிச்சா ஆளைப் பிடிச்சிடலாம்."

"கடைக்குன்னா வெள்ளையைத்தான் முதல்ல எடுப்பான். ஜப்பான்காரன் வெள்ளைக்குத்தான் வரிசையில நிக்கறான்." அக்கா பெருமூச்சு விட்டார். "மேல வா. கையைக் கழுவு. முன்வீட்ல பெரியம்மா டீ வச்சிருப்பாங்க."

"இப்ப டீதான் முக்கியமா? மணி நாலே முக்கால்."

"டீதான் முக்கியம்," என்றார். அதைச் சொன்ன குரலில் துளி சந்தோஷம் இல்லை.

முன்வீட்டுக் கூடத்தில் ஊதுபத்தி வாசனை. பானின் தாயார், எல்லோருக்கும் பெரியம்மா, பீங்கான் கோப்பைகளில் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். போன வருடம் இடுப்பெலும்பு முறிந்து படுத்தபோது மூன்று மாதம் தூக்கி எடுத்துக் குளிப்பாட்டியது நியுங்தானாம். பெரியம்மாவே சொன்னார். "பெத்த பிள்ளை எட்டிப் பாத்துட்டுப் போவான். இவதான் கூடப் படுத்தா. இவளைப் போய் அனுப்பறான். நானும் மாஸு அம்மன் காலைப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்கேன் தம்பி, அவ எப்படியாவது இவளைக் காப்பாத்திடுவா."

நான் அவர் காட்டிய திசையில் பார்த்தேன். சுவரோரம் பூசைமேடை. கருத்த முகத்தோடு கடல் தெய்வமான மாஸு அம்மன், இரண்டு பக்கமும் சிவப்பு விளக்கு. நடுவில் உயரமான பூச்சாடி. அதில் நீளக் காம்போடு, செஞ்சிவப்பில், புத்தம்புதிதாக ஒரு ஆர்கிட். மேடையில் சாய்த்து வைத்திருந்தது பெரியம்மாவின் ஊன்றுகோல். அதன் அடியில் ரப்பர் வைத்த நான்கு சின்னக் கால்கள்.

கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அக்கா," என்றேன் உதட்டை அசைக்காமல்.

"பாத்தேன்."

"இப்பவா?"

"காலையில. இதே நாற்காலியில உக்காந்து டீ குடிக்கும்போது." கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேற யாராவதா இருக்கட்டும்னுதான் இவ்வளவு நேரம் உன்னைக் குப்பை கிளறவிட்டேன். வேற யாரும் இல்ல."

நாற்காலியைப் பெரியம்மா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பூ ரொம்ப அழகா இருக்கும்மா. வெள்ளை வைக்கறதில்லையா?"

"சாமிக்கு யாராவது வெள்ளை வைப்பாங்களா? அது சாவு வீட்டுக்கு. இருக்கறதுல எது பிரமாதமோ அதைத்தான் அவளுக்குக் கொடுக்கணும்."

"எதால வெட்டுவீங்க?"

"சாமி கத்திரியாலதான். பண்ணைக் கத்திரியெல்லாம் ஒரே கரி, அழுக்கு. அதால வெட்டினதை அவளுக்கு வைக்க முடியுமா?"

இழுப்பறையிலிருந்து ஒரு சிவப்புப் பட்டுத் துணியை எடுத்துப் பிரித்தார். உள்ளே கத்திரி. கண்ணாடி மாதிரி மின்னியது, பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது.

"இதை நெருப்புல காட்டினதே இல்லையாம்மா?"

"என்ன பேச்சு பேசற நீ. ஊதுபத்திச் சாம்பல் கலந்த தண்ணியில கழுவுவேன், பட்டுல துடைப்பேன். இந்த வீட்ல இதைவிடச் சுத்தமான சாமான் கிடையாது. கோயிலுக்கும் இதைத்தான் எடுத்துக்கிட்டுப் போவேன். மாசாமாசம் என் முறை வரும். ஊர் பூரா தொட்டி தொட்டியா ஆர்கிட் கொண்டுவந்து வைப்பாங்க. வாடின தண்டையெல்லாம் வெட்டி அலங்காரம் பண்றது நான்தான்."

ஊர் பூராவிலிருந்தும் வந்த தொட்டிகள். எவன் வீட்டு நோய் எந்தத் தொட்டியில் இருந்ததோ. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இதைக் கொஞ்சம் தொட்டுப் பாக்கலாமா?" என்றார் அக்கா.

"அவளைத்தான் கேக்கணும்." பெரியம்மா மேடையிலிருந்து பிறை வடிவ மரத்துண்டுகள் இரண்டை எடுத்து, கண்மூடி முணுமுணுத்துவிட்டுத் தரையில் போட்டார். இரண்டும் தட்டைப் பக்கம் மேலாக விழுந்து ஆடின. "சிரிக்கறா, இன்னும் பதில் சொல்லல," என்றார். மறுபடி போட்டார். ஒன்று நிமிர்ந்தும் ஒன்று கவிழ்ந்தும் விழுந்தன. "சரின்னுட்டா. தொட்டுக்க."

அக்கா பஞ்சுக் குச்சியை நனைத்து, கத்திரியின் இரண்டு வாயும் சேரும் ஆணிக்கடியில் விட்டுத் துடைத்தார். வெளியே பளபளப்பு. குச்சி பழுப்பாக வந்தது. அதைச் சின்னக் குப்பி மருந்தில் அலசி, பட்டையை நிறுத்தினார்.

அப்போதுதான் பான் உள்ளே வந்தார். "மேடம், வேன் நெடுஞ்சாலையிலேர்ந்து திரும்பிடுச்சாம், வந்துக்கிட்டிருக்கு. பேர் கிடைச்சுதா?" என்றவர், மேடை மேல் கத்திரியும் பட்டையும் இருப்பதைப் பார்த்து நின்றுவிட்டார். நியுங் அவர் பின்னாலேயே வந்து வாசல்படியில் நின்றாள்.

பட்டையில் ஈரம் ஏறியது. முதல் கோடு வந்தது. ஒன்றோடு நின்றுவிடாதா என்று நானே வேண்டிக்கொண்டேன், யாரிடம் என்று தெரியாமல். இரண்டாவது கோடு மங்கலாகத் தெரிந்தது, பிறகு நன்றாகவே தெரிந்தது.

பானுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஆர்கிட் வியாபாரி, இரண்டு கோட்டின் அர்த்தம் அவருக்குத் தெரியும். "அம்மா," என்றார். "நீ தாய்ச்செடி வீட்டுக்குள்ள போனியா? தரை ஈரம், மறுபடி விழுந்தா எழுந்திருக்க மாட்டே, போகாதேன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"கத்தாத. இவளையும் திட்டாத. கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகச் சொன்னது நான். உங்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு வாக்கு வாங்கினதும் நான்."

"அப்ப மேஸ்திரி பாத்தது?"

"அன்னிக்குக் கத்திரியைச் செடி மேடையில மறந்து வச்சுட்டு வந்துட்டாங்க," என்றாள் நியுங். "எடுக்கப் போனேன்."

பெரியம்மா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "கத்திரிக்கு என்ன?"

சொல்ல வேண்டியது அக்காவின் வேலை. நானாக இருந்தால் முழங்கால் வலி என்று சொல்லிக் காருக்குப் போயிருப்பேன். அக்கா பெரியம்மாவின் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டார்.

"கோயில்ல ஏதோ ஒரு தொட்டியில நோய் இருந்திருக்கும்மா. அதோட சாறு இந்த ஆணிக்குள்ள தங்கிடுச்சு. சாம்பல் தண்ணிக்கு அது சாகாது. நெருப்புக்குத்தான் சாகும். நீங்க பூ வெட்டின ஒவ்வொரு செடிக்கும் இதுலேர்ந்து போயிருக்கு. வெள்ளையை நீங்க தொடல, அதனால அது தப்பிச்சுது."

பெரியம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை. பூச்சாடியைப் பார்த்தார்.

"முன்னெல்லாம் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும்தான் வெட்டுவேன்," என்றார். "செடிக்கு நோய்னு இவன் வந்து அழுதான். அப்புறம் தினமும் வெட்டி வச்சேன், நோய் போகணும்னு. இந்தப் பொண்ணு மேல பழி வந்ததுலேர்ந்து காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு."

பான் பூசைமேடையோரம் உட்கார்ந்துவிட்டார். வழக்கு முடிந்தால் எனக்கு எப்போதும் பசிக்கும். இன்று பசிக்கவில்லை. வெளியே வேன் ஹாரன் அடித்தது. இரண்டாவது தடவை அடித்ததும் பான் எழுந்து போனார். வேன்காரனிடம் என்ன சொன்னாரோ, கொஞ்ச நேரத்தில் சத்தம் தூரமாகப் போய்விட்டது.

பெரியம்மா கத்திரியைப் பட்டில் சுற்றாமல் வெறும் கையால் எடுத்து நியுங்கிடம் நீட்டினார். "இதைக் கொண்டுபோய் நெருப்புல காட்டு. கருத்துப் போனாப் போகட்டும்."

"சரிம்மா."

"வர்றப்ப ஒரு பூ வெட்டிட்டு வா. வெள்ளைப் பூ. உன் கத்திரியால வெட்டு."

நியுங் தயங்கினாள். "அம்மா, வெள்ளை சாவு வீட்டுக்குன்னு நீங்கதானே..."

"தெரியும்டீ. செத்ததெல்லாம் என் செடிங்கதானே. இன்னிக்கு அவளுக்கு அதுதான் வைக்கணும்."

நியுங் போனாள். அக்கா ஊன்றுகோலை எடுத்துப் பெரியம்மாவின் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நாங்கள் வாசலுக்கு வந்தபோது நீலப் பெட்டி அங்கே இல்லை. பான் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, வேலைக்காரர்கள் தங்கும் வீட்டின் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார். சக்கரம் இருப்பதே அவருக்கு நினைவில்லை.